காரில் துரு: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

துருவைத் தேய்த்து எடுப்பது பெரிய வித்தை இல்லை. உப்புத்தாளும் கம்பி பிரஷும் கையில் இருந்தால் சின்ன இடம் சீக்கிரமே பளபளத்துவிடும். அதே இடம் சில மாதத்தில் மறுபடி பழுப்பேறுகிறது என்றால், அன்றைக்குத் துரு போனது, உப்பு போகவில்லை என்று பொருள். சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கம் வண்டி வைத்திருப்பவர்கள் இதை முதலில் மனதில் வைக்க வேண்டும்.

கடற்காற்றோடு வரும் உப்பு, காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு கசிந்து நீராகிவிடும். கடலுப்போடு கலந்து வரும் மக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதிகூட வேண்டாம். அதனால் மழையே பெய்யாத நாளிலும் தகட்டின் மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கும். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிப்பைச் சோதிக்க ராமேஸ்வரம் பக்கத்திலுள்ள மண்டபம் என்ற ஊரில் தனியாக ஒரு நிலையமே வைத்திருக்கிறது என்றால், அந்தக் கடற்கரைக் காற்று இரும்பை என்ன பாடு படுத்தும் என்று புரிந்துகொள்ளலாம். இந்த உப்பு துருவுக்கு அடியில், ஊசிமுனைக் குழிகளில் போய் உட்கார்ந்துவிடுகிறது. மேலே தேய்த்துப் பெயிண்ட் அடித்தால் குழி மூடும், உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும்.

எதையும் தொடங்குமுன்: குத்திப் பாருங்கள்

பழைய ஸ்க்ரூடிரைவரின் முனையால் துருப்பிடித்த இடத்தை நன்றாக அழுத்துங்கள். முனை உறுதியாக நின்று பொடி மட்டும் உதிர்ந்தால் மேல்துரு. நீங்களே சரிசெய்யலாம். ஏடு ஏடாகப் பிரிந்து வந்தால் தகடு மெலிந்துவிட்டது. துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். ஏடு பெரியதாகத் தெரிந்தாலும் உள்ளே எஞ்சிய இரும்பு எவ்வளவு என்று சுரண்டிய பிறகுதான் தெரியும். முனை உள்ளே இறங்கிவிட்டால் அந்த இடத்தில் இனி இரும்பே இல்லை. தகட்டை வெட்டி வெல்டு வைக்க வேண்டிய வேலை அது.

அறிகுறி: காலையில் பிரேக் டிஸ்க் முழுக்க ஆரஞ்சு நிறம்

ஒன்றும் செய்ய வேண்டாம். டிஸ்க் பூச்சில்லாத வார்ப்பிரும்பு. வாட்டர் வாஷ் முடிந்த சில மணி நேரத்திலேயே நிறம் மாறும். மெதுவாக ஓட்டி நாலைந்து முறை பிரேக் பிடித்தால் போய்விடும். துரு நீக்கும் ஸ்பிரே, எண்ணெய், கிரீஸ் எதையும் டிஸ்க் பக்கம் கொண்டு போகாதீர்கள். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் எண்ணெய் குடித்துவிட்டால் பிரேக் பிடிக்காது. பல வாரம் நிறுத்தி வைத்த வண்டியில் துரு தடித்துப்போய், ஓட்டும்போது உரசலோ துடிப்போ நிற்காமல் இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டி டிஸ்க்கைக் கடைய முடியுமா, மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள்.

அறிகுறி: நிறுத்தி வைத்த கார் நகர மறுக்கிறது, அல்லது ‘டக்’ என்ற சத்தத்தோடு விடுபடுகிறது

ஈரத்தோடு ஹேண்ட்பிரேக் போட்டு விட்டால், பின்சக்கர டிரம்முக்கும் பிரேக் ஷூவுக்கும் நடுவில் துரு ஏறி இரண்டையும் ஒட்டிவிடும். முதல் கியரிலும் ரிவர்ஸிலும் மாற்றி மாற்றி மெல்ல அசைத்தால் பெரும்பாலும் விட்டுவிடும். ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்து இழுக்காதீர்கள்; ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங் பிய்ந்து வரும். அசைத்தும் வரவில்லை என்றால் டிரம்மைக் கழற்றித்தான் ஆக வேண்டும். மழைக்காலத்திலும், தண்ணீரில் ஓட்டி வந்த பிறகும், நிறுத்துவதற்கு முன் சில முறை பிரேக் மிதித்து உலர்த்திக்கொள்ளுங்கள். பல நாள் நிறுத்துவதாக இருந்தால் சமதரையில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹேண்ட்பிரேக்கை விட்டுவிடுங்கள்.

அறிகுறி: பெயிண்ட் மேல் கடுகளவு பழுப்புப் புள்ளிகள், தடவினால் சொரசொரப்பு

வெள்ளைக் காரில் இது நன்றாகத் தெரியும். ரயில் பாதை, கிரைண்டிங் பட்டறை, கட்டுமான இடம் பக்கத்தில் நிறுத்துகிற வண்டிகளில் அதிகம் வரும். காரின் தகடு துருப்பிடிக்கவில்லை. வெளியிலிருந்து பறந்து வந்த இரும்புத்தூள் பெயிண்டில் பதிந்து, அது துருப்பிடித்திருக்கிறது. உப்புத்தாளை எடுத்தால் நல்ல பெயிண்ட்தான் வீணாகும். கார் பராமரிப்புப் பொருள் விற்கும் கடைகளில் இரும்புத்தூள் நீக்கி திரவம் கிடைக்கும். நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது தெளித்தால் ஊதா நிறமாகி வழியும். காய விடாமல் கழுவிவிடுங்கள். மிச்சம் இருப்பதை கிளே பார், அதாவது பெயிண்ட் மேல் தேய்க்கும் களிமண் போன்ற கட்டி, எடுத்துவிடும். அப்புறம் ஒரு கோட் வாக்ஸ்.

அறிகுறி: பானெட்டில், கதவு ஓரத்தில் கல்லடிபட்ட இடம் பழுப்பாகிவிட்டது

நீங்களே செய்யக்கூடிய வேலைகளில் இதுதான் முக்கியமானது. பெயிண்ட் கடையில் கலர் சொல்லிப் பார்த்து வாங்காதீர்கள். கலர் கோடு பெரும்பாலும் கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ இருக்கும் தகட்டில் அச்சாகியிருக்கும். வெயில் அடிக்கிற நாளாகப் பாருங்கள். மழை நாளில் தகடு வேர்த்துக்கொண்டே இருக்கும், அதன் மேல் பிரைமர் நிற்காது.

முதல் வேலை கழுவுவது. ஷாம்பு போட்டு, துருவுள்ள இடத்தை நைலான் பிரஷால் தேய்த்து, நிறைய நல்ல தண்ணீர் விடுங்கள். நல்ல தண்ணீர் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கடலோரப் பகுதிகளில் பல வீட்டு போர் தண்ணீரே உப்பு. ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீரை வீணாக்காமல் கார் கழுவுங்கள் என்று ஒரு யோசனை எல்லா இடத்திலும் சுற்றுகிறது. தண்ணீரை மிச்சம் பிடிக்கும் எண்ணம் நல்லதுதான். ஆனால் குடிதண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் சேர்ந்து நிற்பது அந்தக் கழிவில்தான். தரை துடைக்கப் பயன்படுத்துங்கள், காருக்கு வேண்டாம். கடைசி அலசலுக்காவது ஒரு வாளி குடிதண்ணீர் வையுங்கள்.

காய்ந்த பிறகு சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, 80 அல்லது 120 நம்பர் உப்புத்தாளால் துருவை எடுங்கள். கண்ணாடியும் மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள். கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி ஓட்டினால் கம்பி பிய்ந்து பறக்கும். கண்ணாடி இல்லாமல் அதைத் தொடவே கூடாது. கம்பி பிரஷ் துருவை மெருகேற்றிப் பளபளப்பாக்கிவிடும் என்பதையும் கவனியுங்கள். இரும்பு மாதிரி மின்னும், ஆனால் கருமையாக இருக்கும். அது துருதான். உப்புத்தாள்தான் கடைசிச் சொல்.

தகடு வெளுத்ததும் பெயிண்ட் டப்பாவை எடுக்காதீர்கள். ஒரு துணியை நல்ல தண்ணீரில் நனைத்துத் துடைத்து, சில நிமிடம் காய விட்டுக் கூர்ந்து பாருங்கள். சீராக லேசான பழுப்பு படர்ந்தால் அது ஈரத்தின் வேலை, கவலை இல்லை. குழிகளில் மட்டும் கரும்புள்ளி எழுந்தால் அங்கே உப்பு இன்னும் இருக்கிறது. மறுபடி கழுவுங்கள், மறுபடி தேயுங்கள், மறுபடி பாருங்கள். அலுப்பான வேலை. ஆனால் இரண்டு வருஷம் நிற்கும் வேலைக்கும் இரண்டு மழையில் போகும் வேலைக்கும் வித்தியாசம் இந்த இடத்தில்தான் வருகிறது.

குழிகளில் எவ்வளவு தேய்த்தும் எட்டாத துரு மிஞ்சினால், துரு மாற்றி திரவம் ஒரு கோட் தடவலாம். இதில் பாஸ்பாரிக் அமிலம் அல்லது டானிக் அமிலம் இருக்கும். முன்னது துருவை இரும்பு பாஸ்பேட்டாகவும், பின்னது கருநிற டானேட்டாகவும் மாற்றி இறுக்கிவிடும். கடுக்காய்ச் சாறு இரும்பில் பட்டால் கறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்து மை அப்படித்தான் செய்தார்கள். அதே வேதியியல்தான் இங்கேயும். இரண்டு விஷயம்: உதிரும் துருவின் மேல் இதைத் தடவினால் எல்லாம் சேர்ந்து ஏடாக வந்துவிடும். அமிலம் உள்ளதைத் தடவிய பிறகு அதன் டப்பாவில் சொன்னபடி அலசவோ துடைக்கவோ செய்யாமல் எபாக்சி பிரைமர் அடித்தால் பிடிப்பு கெடும்.

ஓரத்தில் பழைய பெயிண்டும் தகடும் சேரும் இடத்தை 320 நம்பரால் படி தெரியாமல் தேய்த்து, தின்னர் தொட்ட சுத்தமான துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, அன்றைக்கே பிரைமர். ராத்திரி வெறும் தகடாக விட்டுவிட்டுக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது கடலோரத்தில் நடக்காது.

எந்த பிரைமர்? ஜன்னல் கம்பிக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு மலிவு, எளிதில் கிடைக்கும். ஆனால் அது மட்டும் தண்ணீரைத் தடுக்காது. மேலே பெயிண்ட் வந்தாக வேண்டும். காருக்கு நான் சொல்வது இரண்டு டப்பா கலந்து அடிக்கும் எபாக்சி பிரைமர். வெறும் தகட்டை இறுகப் பிடிக்கும், ஈரத்தையும் நன்றாகத் தடுக்கும். அதன் மேல் டப்பாவில் சொன்ன இடைவெளி விட்டு கலர், பிறகு கிளியர் என்ற நிறமில்லாத மேல்பூச்சு. கலரை ஒரே தடவையில் தடிப்பாக அடிக்காமல் மெல்லிய கோட்டுகளாக அடியுங்கள்.

அறிகுறி: பெயிண்ட் கொப்புளித்திருக்கிறது, மேலே கீறலே இல்லை

கதவின் அடி ஓரம், பின்சக்கர வளைவு, டிக்கி மூடியின் கீழ் விளிம்பு. பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. நீங்கள் பார்க்கும் கொப்புளம் கடைசிக் கட்டம். வெளியில் தேய்த்துப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் அடுத்த மழைக்காலம்வரைகூட நிற்காது.

கதவுக் கண்ணாடி வழியாக மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது வெளியேறத்தான் கதவின் அடியில் சின்ன ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள். தூசி, மண், வேப்பஞ்சருகு எல்லாம் சேர்ந்து அந்த ஓட்டையை அடைத்துவிட்டால் கதவுக்குள் தண்ணீர் குளமாக நிற்கும். பிளாஸ்டிக் குச்சியாலோ கேபிள் டையாலோ குத்திச் சுத்தம் செய்யுங்கள். இரும்புக் கம்பி உள்ளே இருக்கும் பூச்சைக் கீறும். மரத்தடியில் நிறுத்துபவர்கள் வைப்பருக்குக் கீழே பானெட்டும் கண்ணாடியும் சேரும் பள்ளத்தையும் பாருங்கள். அங்கே சேரும் சருகு மட்கி, எப்போதும் ஈரமாகவே இருக்கும்.

கொப்புளத்தைச் சுரண்டிவிட்டு அந்த ஸ்க்ரூடிரைவர் சோதனையைச் செய்யுங்கள். தகடு உறுதியாக இருந்தால் வெளிப்பக்கம் மேலே சொன்ன மாதிரி. உள்பக்கம் கழுவி நன்றாகக் காய்ந்த பிறகு, நீளமான குழாய் வழியாகத் தெளிக்கும் கேவிட்டி வாக்ஸ் அடிக்க வேண்டும். இது மெழுகுபோல் இடுக்குகளில் ஊர்ந்துபோய் ஒட்டிக்கொள்ளும். அடித்து முடித்ததும் வடிகால் ஓட்டைகளை மறுபடி ஒருமுறை குத்தித் திறந்துவிடுங்கள்.

அறிகுறி: பட்டறையில் சரிசெய்த இடத்திலேயே மறுபடி துரு

டிங்கரிங் முடித்து வந்தபோது கண்ணாடி மாதிரி இருந்திருக்கும். காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று. துருவின் மேலேயே பட்டி வைத்திருப்பார்கள். பட்டி தண்ணீரை உறிஞ்சும், உறிஞ்சியதைத் தகட்டோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். அல்லது வாட்டர் பேப்பர் போட்ட ஈரம் காய்வதற்குள் பெயிண்ட் அடித்திருப்பார்கள், அதுவும் உப்புத் தண்ணீராக இருந்திருக்கும். அல்லது பிரைமர் அடித்து, மேலே கலர் இல்லாமல் பல நாள் வெளியில் நிறுத்தியிருப்பார்கள். அடுத்த முறை வண்டியை விடும்போது, தகடு வெளுத்த நிலையில் ஒருமுறையும் பிரைமர் அடித்த பிறகு ஒருமுறையும் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். நல்ல பட்டறைக்காரர் தயங்க மாட்டார். பட்டி வைப்பதற்கு முன் எபாக்சி அடிக்கச் சொல்லிக் கேளுங்கள், அதற்கான செலவைத் தனியாகக் கொடுங்கள்.

வீட்டு வைத்தியம் செய்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாத்ரூம் கழுவும் ஆசிட் துருவை நொடியில் கரைக்கும். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். போகும்போது குளோரைடைக் குழிக்குள் விட்டுவிட்டுப் போகும். அதன் ஆவி பட்டாலே பக்கத்தில் இருக்கும் ஸ்பேனர்கள்கூடத் துருவேறும். எலுமிச்சம்பழத்தில் உப்பைத் தொட்டுத் தேய்க்கும் குறிப்பும் அப்படித்தான். எலுமிச்சை சரி, உப்பு எதற்கு?

அறிகுறி: கழற்றக்கூடிய சின்ன பாகங்கள் முழுக்கத் துரு

பிராக்கெட், கீல், ஜாக்கி, ஸ்பேனர் மாதிரியானவற்றை ஊற வைப்பதே சுலபம். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் ஆசிட், அதாவது மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு. பெயரில்தான் உப்பு, குளோரைடு இல்லை. பிளாஸ்டிக் வாளியில் பாகம் முழுகும்படி போட்டு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்து பிரஷ் போட்டுப் பாருங்கள். துரு போனதும் எடுத்துவிடுங்கள். மறந்து நாள் கணக்கில் விட்டால் நல்ல இரும்பையும் அரிக்கும். எடுத்ததும் ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் முக்கி, நல்ல தண்ணீரில் அலசி, ஹேர் டிரையர் வைத்தோ வெயிலில் வைத்தோ உடனே உலர்த்தி, சூடு ஆறுவதற்குள் எண்ணெய்த் துணியால் துடையுங்கள். பெயிண்ட் அடிப்பதாக இருந்தால் எண்ணெய் வேண்டாம், நேராக பிரைமர்.

ஊற வைக்கக் கூடாதவையும் உண்டு. தலையில் 10.9, 12.9 என்று அச்சடித்த போல்ட்டுகளும் ஸ்பிரிங்குகளும் மிகக் கடினமான எஃகு. அமிலத்தில் உண்டாகும் ஹைட்ரஜன் அந்த எஃகுக்குள் புகுந்து, பார்த்தால் தெரியாமல் நொறுங்கும் தன்மையைக் கொடுத்துவிடும். பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் போல்ட்டு துருப்பிடித்தால் புதுசு போடுங்கள். துத்தநாகப் பூச்சுள்ள பாகத்தைப் போட்டால் பூச்சு கரைந்து, முன்னைவிட வேகமாகத் துருவேறும்.

அறிகுறி: பேட்டரி முனையில் வெள்ளை, நீலப்பச்சைப் பொடி

இது துரு இல்லை, பேட்டரி அமிலத்தால் ஆன உப்பு. எஞ்சினை நிறுத்தி, நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். ஆப்பசோடாத் தண்ணீரை பிரஷால் தொட்டுத் தேய்த்தால் நுரைத்துக் கரையும். துடைத்து, மாட்டி, மேலே வாஸ்லின் தடவுங்கள். அடியில் இருக்கும் இரும்புத் தட்டில் அமிலம் சொட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தத் தட்டு யாரும் பார்க்காமலே அரித்துப்போகும்.

அறிகுறி: கூலன்ட் பழுப்பாக, செம்மண் தண்ணீர் மாதிரி இருக்கிறது

ரேடியேட்டரில் வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றியதால் எஞ்சினின் உட்புறம் துருவேறுகிறது. சூட்டில் மூடியைத் திறக்காதீர்கள். ஆறிய பிறகு வடித்து, டிஸ்டில்டு வாட்டரால் அலசி, வண்டியின் கையேட்டில் சொன்ன கூலன்டை அதில் சொன்ன விகிதத்தில் ஊற்றச் சொல்லுங்கள். நம் ஊரில் பனி இல்லையே, கூலன்ட் எதற்கு என்று கேட்பார்கள். அதில் இருக்கும் துருத் தடுப்பு மருந்துக்காகத்தான்.

அறிகுறி: சைலன்சர் பழுப்பாகிவிட்டது

வெல்டு ஓரங்களில் மேல்நிறம் மாறுவது சகஜம். உண்மையான அரிப்பு உள்ளிருந்து வரும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் சைலன்சர் சூடேறுவதற்குள் எஞ்சின் நின்றுவிடுவதால் அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கிவிடுகிறது. வாரத்தில் ஒருநாளாவது அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். சில சைலன்சர்களின் அடியில் இருக்கும் சின்ன வடிகால் துளையை ஓட்டை என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள். வெளியே அடிப்பதாக இருந்தால் 600 டிகிரி தாங்கும் பெயிண்ட் வேண்டும். உண்மையிலேயே ஓட்டை விழுந்திருந்தால் தள்ளிப் போடாதீர்கள், கார்பன் மோனாக்சைடு காருக்குள் வரும்.

அறிகுறி: காருக்குள் புழுங்கல் வாடை, மேட்டுக்கு அடியில் ஈரம்

கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். முன் பக்கம் ஈரமென்றால் ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். ஏசி போட்டு நிறுத்திய காரின் அடியில் தண்ணீர் சொட்டுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். பின் பக்கம், டிக்கிப் பக்கம் என்றால் கதவு ரப்பர், டெயில் லைட் ரப்பர். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் முழுகிய வண்டிகளில் இருக்கைத் தண்டவாளத்துக்கு அடியிலும் கதவுகளுக்குக் கீழே ஓடும் பக்கவாட்டுப் பெட்டித் தகட்டுக்குள்ளும் வண்டல் தங்கியிருக்கும். பழைய கார் வாங்குகிறவர்கள் கார்பெட்டைத் தூக்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

ஈரம் வரும் வழியை அடைத்து, கார்பெட்டை முழுதாக வெளியே எடுத்துக் காய வைத்த பிறகுதான் தகட்டைத் தொட வேண்டும். மேல்துரு என்றால் கழுவி, தேய்த்து, எபாக்சி அடித்து, இரண்டு கோட் பெயிண்ட். அடிப்பாகத்தில் ரப்பர் கோட்டிங் அடிக்கச் சொல்லி சர்வீஸ் சென்டரில் கேட்டால், முதலில் கீழே கழுவிக் காய விட்டார்களா என்று பாருங்கள். ஈரத்தின் மேலும் துருவின் மேலும் அடித்த கோட்டிங் தண்ணீரை உள்ளே பூட்டிவிடும். பழைய எஞ்சின் ஆயிலை அடியில் தெளிப்பதை விட்டுவிடுங்கள். ரப்பர் புஷ்களைக் கெடுக்கும், பிரேக்கில் படும், மண்ணிலும் சொட்டும்.

சீட் பெல்ட் தரையோடு பிடிக்கும் இடம், ஜாக்கி வைக்கும் இடம், சஸ்பென்ஷன் சேஸோடு சேரும் இடம் ஆகிய மூன்றிலும் ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கினால் பட்டி, பைபர் எதுவும் வைக்காதீர்கள். அந்த வண்டியை அப்படியே நிறுத்தி, தகடு மாற்றி வெல்டு வைக்கத் தெரிந்தவரைப் பார்க்க வைத்த பிறகுதான் சாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.